கொட்டாய் மணலில் ஒரு ஓட்டைக் காலணா

வாரத்துல அஞ்சு நாள் ஆபீஸ்ல ஆணி புடுங்குறது பத்தாதுன்னு, ஞாயித்துக்கிழமையும் போய் நிஜ ஆணியே புடுங்குன ஆளு அனேகமா நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். துருப்பிடிச்ச ஆணி, மொத்தம் 43. எண்ணி வச்சிருக்கேன். அது கூட 17 காசு, ஒரு குவியல் சோடா மூடி, கடைசியா அப்பாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்ட திட்டு. இந்தப் பதிவு அதைப் பத்தினதுதான். கொஞ்சம் நீளம். டீ ஒண்ணு போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

எங்க ஊரு குமணன்சாவடி. போரூர்ல இருந்து பூந்தமல்லி போற வழியில, பூந்தமல்லிக்குக் கொஞ்சம் முன்னாடி, குன்றத்தூர் ரோடு பிரியுற இடம். இப்போ தலைக்கு மேல மெட்ரோ பாலம். சாவடின்னா வழிப்போக்கர்கள் வண்டியை அவுத்துப் போட்டுட்டு இளைப்பாறுற இடம். பக்கத்துலயே கரையான்சாவடி. அப்படி ரெண்டு சாவடி அடுத்தடுத்து இருக்குன்னா, மெட்ராஸுக்கு மேற்கே போற இந்த ரோட்டுல எவ்ளோ ஜனம் நடந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. பூந்தமல்லி வெள்ளைக்காரன் காலத்துல ராணுவ முகாம் வேற.

எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு காலி மனை. ஒரு வேப்பமரம், கொஞ்சம் சீமைக்கருவேலம், நிறைய குப்பை. அந்த வழியா போறப்ப எல்லாம் அப்பா ஒரே டயலாக்கைத்தான் சொல்லுவார்: "இங்கதான்டா டென்ட்டு கொட்டாய் இருந்துச்சு." 60-களின் நடுவுல வந்துச்சாம். 80-கள் முடியுறப்ப போயிடுச்சாம். நான் பொறந்தது அதுக்கப்புறம்தான். எனக்கு அது வெறும் காலி மனை.

போன மாசம் அந்த மனையில அளவுக்கல் நட்டாங்க. அபார்ட்மெண்ட் வரப்போகுதுன்னு பேச்சு. அப்பதான் எனக்குள்ள தூங்கிக்கிட்டிருந்த இசிஇ இன்ஜினியர் முழிச்சுக்கிட்டான்.

*

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். காலேஜ் மூணாம் வருஷம் எங்க மினி ப்ராஜெக்ட் மெட்டல் டிடெக்டர். ரெண்டு ஆஸிலேட்டர் செய்யணும். ரெண்டும் ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ல ஓடும். ஒண்ணோட சுருளைத் தரையில காட்டணும். பக்கத்துல உலோகம் வந்தா அந்தச் சுருளோட குணம் லேசா மாறும், அதிர்வெண் நகரும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் காதுக்குக் கேக்குற சத்தமா வரும். அவ்ளோதான் மேட்டர். வைவா அன்னிக்கு எங்க டிடெக்டர் லேப் மேஜையோட இரும்புக் காலை மட்டும் கண்டுபிடிச்சு விடாம அலறுச்சு. இருந்தாலும் பாஸ் போட்டுட்டாங்க.

எங்களுக்கு நடந்தது டெலிபோன் கண்டுபிடிச்ச கிரஹாம் பெல்லுக்கே நடந்திருக்குன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. 1881 ஜூலையில அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருத்தன் சுட்டுட்டான். குண்டு உடம்புக்குள்ள எங்க இருக்குன்னு தெரியலை. அப்போ எக்ஸ்ரே கிடையாது. பெல் அவசர அவசரமா ஒரு கருவி செஞ்சு எடுத்துக்கிட்டுப் போனார். ஆனா ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குள்ள எஃகுக் கம்பிச் சுருள் இருந்ததால சத்தம் குழம்பிப் போச்சு. அதை விடக் கொடுமை, குண்டு வலது பக்கம்தான் இருக்குன்னு தலைமை டாக்டருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அந்தப் பக்கம் மட்டும்தான் தேட விட்டார். செப்டம்பர்ல கார்ஃபீல்டு செத்துப் போனார். அறுத்துப் பார்த்தா குண்டு இடது பக்கம். (இந்த இடது வலது சமாச்சாரத்தை ஞாபகம் வச்சுக்குங்க. கடைசியில வேணும்.)

1930-கள்ல ஜெர்ஹார்ட் ஃபிஷர்னு ஒரு ஜெர்மானியர், அமெரிக்காவுல விமானங்களுக்கு ரேடியோ திசைகாட்டி செஞ்சுக்கிட்டிருந்தார். கனிமம் இருக்குற நிலத்துக்குப் பக்கத்துல திசைகாட்டி தப்பாக் காட்டுது. எல்லாரும் அதைக் கோளாறுன்னு விட்டப்ப, இவர் அந்தக் கோளாறையே கருவியாக்கி 1937-ல பேடன்ட் வாங்கிட்டார். அப்புறம் போர் வந்துச்சு. போலந்து ராணுவ இன்ஜினியர் யோசெஃப் கொசாட்ஸ்கி கண்ணிவெடி தேடுற டிடெக்டரை வடிவமைச்சார். 1942-ல எல் அலமெய்ன் சண்டையில பிரிட்டிஷ்காரங்க பாலைவனத்துல கண்ணிவெடி எடுத்தது அதை வச்சுத்தான். போர் முடிஞ்சதும் கருவி மெதுவா சாதாரண ஜனங்க கைக்கு வந்துச்சு. அவங்க அதை எடுத்துக்கிட்டுப் போன இடங்கள் கடற்கரை, பழைய பூங்கா, பொருட்காட்சி மைதானம், சர்க்கஸ் போட்ட பொட்டல்.

ஏன் அங்க? புதையல் மனுஷன் திட்டம் போட்டு ஒளிச்சு வைக்கிறது. அதுக்கு ராஜாவோ பணக்காரனோ வேணும். ஆனா சந்தோஷமா இருக்குறப்ப மனுஷனுக்குப் பாக்கெட் ஞாபகம் இருக்காது. ஊஞ்சல் ஆடுறப்ப, புல்லுல உருளுறப்ப, இருட்டுல முறுக்கு வாங்குறப்பதான் காசு விழும். தொலைச்சவன் சாதாரண ஆளு. கல்வெட்டுலயும் வரமாட்டான், கெசட்லயும் வரமாட்டான்.

நம்ம மெரினாவுலயும் இந்தக் கதை உண்டு. காணும் பொங்கலுக்கு மறுநாள் விடிகாலை போனா, சல்லடையும் கயித்துல கட்டின காந்தமுமா மணலைத் துழாவுற ஆளுங்களைப் பார்க்கலாம். ஆனா காந்தத்துல ஒரு சிக்கல் இருக்கு. 1992-க்கு அப்புறம் வந்த ஸ்டீல் ஒரு ரூபா ஒட்டும். அறுபதுகள்ல வந்த நிக்கல் ரூபா கூட ஒட்டும். அப்பா காலத்து அலுமினியக் காசு ஒட்டாது, செம்பு ஒட்டாது. காந்தம் போட்டவனுக்கு மணலுக்கடியில அஞ்சு பைசாவே கிடையாது. டிடெக்டருக்குத்தான் அது கேக்கும்.

*

மனைக்காரர் அப்பாவுக்குத் தெரிஞ்சவர். போன் போட்டுக் கேட்டேன். "குப்பையைத் தானே நோண்டப் போற, நோண்டிக்கோ தம்பி. பள்ளத்தை மட்டும் மூடிடு"ன்னுட்டார். ஆன்லைன்ல வாங்கின சுமாரான டிடெக்டர், ஒரு தோட்டக் கரண்டி, தங்கமணியோட தொப்பி. காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சேன்.

முதல் ஒரு மணி நேரம் சோடா மூடி, மாத்திரை அட்டை, ஆணி, ஆணி, மறுபடியும் ஆணி. "வேற வேலை இல்லையா"ன்னு நாலு பேர் கேட்டாங்க. "நகை ஏதாச்சும் தொலைஞ்சுடுச்சா"ன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. ஒரு சாண் ஆழத்துல முதல் காசு வந்துச்சு. அலை அலையா விளிம்பு இருக்குற பத்து பைசா. அலுமினியம் உப்புப் பூத்து வெள்ளையா அரிச்சுப் போயிருந்துச்சு. கத்தலாம் போல இருந்துச்சு எனக்கு.

மதியத்துக்குள்ள 17 காசு. அறுகோண மூணு பைசா, சதுர அஞ்சு பைசா, ரெண்டு பைசா, பச்சை பாசம் பிடிச்ச மாதிரி ஆன வெண்கல நயா பைசா. பித்தளை நிறத்துல தாமரை போட்ட இருபது பைசா ஒண்ணு. (1968-ல இருந்து 1971 வரைக்கும் வந்தது. அதுல தங்கம் கலந்திருக்குன்னு ஒரு காலத்துல ஊரே நம்பி, 108 சேர்த்து லட்சுமிக்குப் பூஜை பண்ணாங்க.) கடைசியா ரெண்டு சாமான். ஒண்ணு, வேப்பமரத்துக்குக் கீழ கிடைச்ச, செம்பு பூசின பென்சில் மாதிரி ஒரு கருப்புக் குச்சி. இன்னொண்ணு ஓட்டைக் காலணா. 1944.

ஓட்டைக் காலணா பத்தித் தெரியாத தம்பிகளுக்காக: ரெண்டாம் உலகப்போர்ல உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தப்ப, காசுக்கு நடுவுல பெரிய ஓட்டை போட்டு அடிச்சாங்க. 1943-ல இருந்து 1947 வரைக்கும். அதைக் குழந்தை அரைஞாண்கயித்துல கோத்துக் கட்டினவங்க உண்டு. போல்ட்டுக்கு வாஷரா மாட்டினவங்களும் உண்டு. "ஓட்டைக் காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லை"ன்னு இன்னிக்கும் திட்டுவோம், நாம அந்தக் காசைப் பார்த்திருக்கவே மாட்டோம்.

எல்லாத்தையும் ஒரு கேரி பேக்ல போட்டுக் குலுக்கிக்கிட்டே, அப்பா முன்னாடி போய்க் கொட்டினேன்.

அப்பா பேப்பரை விரிச்சு ஒவ்வொண்ணா எடுத்து அடுக்கினார். அந்தக் கருப்புக் குச்சியைக் கையில எடுத்ததும் முகமே மாறிடுச்சு. "கார்பன்டா இது! ஆபரேட்டர் ரூம்ல எரிப்பாங்களே! தேய்ஞ்சதை வெளிய போடுவாரு. நாங்க அடிச்சுக்கிட்டுப் பொறுக்குவோம்."

சினிமா மெஷின்ல பல்பு வர்றதுக்கு முந்தின காலம். ரெண்டு கார்பன் குச்சியை எதிரெதிரா வச்சு, நடுவுல மின்சாரம் தாவுறப்ப வர்ற வெளிச்சத்துலதான் எம்ஜிஆரும் சிவாஜியும் திரையில வந்தாங்க. குச்சி எரிஞ்சுக்கிட்டே குறையும். ஆபரேட்டர் அதைப் பார்த்துப் பார்த்து நகர்த்திக்கிட்டே இருக்கணும். மேல பூசின செம்பாலதான் என் டிடெக்டர் கத்தியிருக்கு.

"இது எங்க கெடச்சுது?"ன்னார். வேப்பமரத்தடின்னேன். "கரெக்டு. ஆபரேட்டர் ரூமு அங்கதான். இந்த இருபது பைசா?"

முழிச்சேன்.

"நயா பைசா எல்லாம்? தரை டிக்கெட்டு பக்கமா, பெஞ்சு பக்கமா? இந்த ஓட்டைக் காலணா எவ்ளோ ஆழத்துல இருந்துச்சு? மணல்லயா, கீழ மண்ணுலயா?"

ஒண்ணுக்கும் பதில் இல்லை. ஓட்டைக் காலணா பதினோரு மணி வாக்குல கிடைச்சுதுன்னு மட்டும்தான் தெரியும்.

"இத்தனையும் அறுபது வருஷமா அதது எடத்துல இருந்துச்சு. நீ ஒரு காலையில எல்லாத்தையும் கலந்து கொண்டாந்துட்ட. படிச்சவன் பண்ற வேலையாடா இது? இதுக்குப் பழைய இரும்புக் கடைக்காரனே தேவலாம்"னார்.

சத்தியமா சொல்றேன், ப்ராஜெக்ட் ரிவியூவுல கூட இவ்ளோ வாங்கினதில்லை.

*

அப்பா கேட்டதுல என்ன இருக்குன்னு அன்னிக்கு ராத்திரிதான் உறைச்சுது. அந்த ஓட்டைக் காலணா அங்க வந்ததுக்கு மூணு வழி இருக்கு.

ஒண்ணு, கொட்டாய்க்கு வந்த ஏதோ ஒரு குழந்தையோட அரைஞாண்ல இருந்து அறுந்து விழுந்திருக்கலாம். அப்படின்னா அது மணலோட மேல் பகுதியில இருந்திருக்கணும். ரெண்டு, கொட்டாய்க்கு முன்னாடி, நாற்பதுகள்ல, வண்டிக்காரங்க இளைப்பாறுன இடமா அது இருந்து, அப்போ விழுந்திருக்கலாம். அப்படின்னா மணலுக்குக் கீழ, பழைய தரை மண்ணுல இருந்திருக்கணும். மூணு, கொட்டாய்க்குக் கொட்டுன மணல் ஏதோ ஒரு ஆத்துல இருந்து வண்டியில வந்திருக்கும், காசு அதுலயே சேர்ந்து வந்திருக்கும். அப்படின்னா அந்தக் காசுக்கும் எங்க ஊருக்கும் சம்பந்தமே இல்லை.

மூணும் மூணு தனித்தனி வரலாறு. எது நிஜம்னு சொல்ல ஒரு சாண் கணக்கு போதும். அந்த ஒரு சாணைத்தான் நான் தோண்டிப் போட்டுட்டேன்.

இது எனக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. கரூர் அமராவதி ஆத்து மணலைச் சலிச்சவங்களுக்குப் பழங்காசு நிறைய கிடைச்சிருக்கு. அதுல "மாக்கோதை"ன்னும் "கொல்லிப்புறை"ன்னும் பழைய தமிழ் எழுத்து பொறிச்ச சேரர் காசும் உண்டு. மாக்கோதை காசுல, ரோமானியக் காசுல இருக்குற மாதிரி மன்னனோட தலை, கூடவே தமிழ்ல பேரு. தினமலர் ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அந்தக் காசுகளைத் தேடிச் சேர்த்துப் படிச்சு எழுதினார். "பெருவழுதி" பேர் போட்ட பாண்டியர் காசையும் அவர்தான் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார். சங்க கால அரசர்கள் தங்கள் பேர்ல காசு அடிச்சாங்கங்கிறதுக்கு இதெல்லாம் நேரடிச் சாட்சி. அந்த மணல் சலிச்ச ஜனங்களும் அவரும் இல்லைன்னா அதுல பல காசு உருக்குப் பட்டறைக்குப் போயிருக்கும். ஆனா ஆறு உருட்டிக்கிட்டு வந்த காசு, கை மாறி வந்த காசு, எந்த மண் அடுக்குல எந்தப் பானை ஓட்டோட கிடந்துச்சுன்னு சொல்லாது. பேரைச் சொல்லும். காலத்தை எழுத்தோட வடிவத்தை வச்சுத்தான் பேச வேண்டியிருக்கு.

இதுக்கு நேரெதிரா ஒண்ணு, எங்க ஊர்ல இருந்து பதினஞ்சு கிலோமீட்டர் சொச்சத்துல நடந்திருக்கு. குமணன்சாவடியில இருந்து குன்றத்தூர் ரோட்டைப் பிடிச்சு, அனகாபுத்தூர், பம்மல் வழியாப் போனா பல்லாவரம். 1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட்னு இந்தியப் புவியியல் துறை அதிகாரி. பல்லாவரம் ராணுவ முகாமோட பரேடு மைதானத்துல, சரளை எடுக்கத் தோண்டுன பள்ளத்துல ஒரு கல்லைப் பார்க்குறார். மனுஷன் கையால செதுக்குன கோடாலிக் கல். இந்தியாவுல பழைய கற்கால மனுஷன் இருந்தான்னு காட்டுன முதல் கல் அதுதான். நாலு மாசம் கழிச்சு, அதே வருஷம் செப்டம்பர்ல, பூண்டி பக்கத்துல அதிரம்பாக்கத்துல இன்னும் நிறைய கிடைச்சுது. அதே அதிரம்பாக்கத்துல சாந்தி பப்பு குழு தோண்டி, அங்கத்திய கோடாலிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் வருஷம் வயசுன்னு 2011-ல வெளியிட்டாங்க.

பரேடு மைதானத்துல அதுக்கு முன்னாடி எத்தனை ஆயிரம் பூட்ஸ் கால் நடந்திருக்கும்! ஃபூட் மட்டும் குனிஞ்சு பார்த்தார். அதை விட முக்கியம், எங்க எடுத்தேன்னு எழுதி வச்சார். வாழ்க்கை முழுக்க சேர்த்த கல்லு, பானை ஓடு எல்லாத்துக்கும் ஊர் பேரோட பட்டியல் போட்டார். 1904-ல அந்தச் சேகரிப்பு முழுக்க எழும்பூர் மியூசியத்துக்குப் போச்சு. இன்னிக்கும் ஆராய்ச்சிக்காரங்க அந்தப் பட்டியலைக் கையில வச்சுக்கிட்டு அந்தந்த ஊருக்குப் போறாங்க.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? ஃபூட் கையில என் டிடெக்டர் இருந்து, அவர் அதை மட்டும் நம்பியிருந்தா, பரேடு மைதானத்துல பட்டனும் தோட்டாவும்தான் கிடைச்சிருக்கும். கல்லுக்கு டிடெக்டர் கத்தாது.

சரி, டிடெக்டர்காரங்க எல்லாருமே என்னை மாதிரியான்னா, இல்லை. 1992 நவம்பர்ல இங்கிலாந்துல ஹாக்ஸன்கிற கிராமத்துல, எரிக் லாஸ்னு ஒருத்தர், நண்பர் வயல்ல தொலைச்ச சுத்தியலைத் தேடி டிடெக்டரோட போனார். கிடைச்சது ரோமானியர் காலத்துப் புதையல். கொஞ்சம் எடுத்ததுமே விஷயம் பெருசுன்னு புரிஞ்சுது. தோண்டுறதை நிறுத்திட்டு அதிகாரிகளுக்குச் சொன்னார். தொல்லியல்காரங்க மறுநாள் வந்து முறையா எடுத்தாங்க. ஏறக்குறைய 15,000 காசு, தங்கச் சங்கிலி, வெள்ளிக் கரண்டி. இவர் கையை நிறுத்துனதாலதான், அது ஒரு மரப்பெட்டிக்குள்ள எப்படி அடுக்கி வச்சிருந்துச்சுன்னு வரைக்கும் தெரிஞ்சுது. அவருக்குக் கிடைச்ச சன்மானம் 17.5 லட்சம் பவுண்டு, வயல்காரரோட பங்கு போட்டுக்கிட்டார். சுத்தியலும் கிடைச்சுடுச்சு. அதுவும் இப்போ பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு :-)

பழசுதான் தொல்லியல்னும் இல்லை. 1969-ல அமெரிக்காவுல உட்ஸ்டாக் இசை விழா நடந்துச்சே, நாலு லட்சம் பேர் கூடினது, அந்த மேடை சரியா எங்க நின்னுச்சுன்னு கண்டுபிடிக்க 2018-ல பிங்காம்டன் பல்கலைக்கழகத்துத் தொல்லியல்காரங்க போய்த் தோண்டினாங்க. ஐம்பது வருஷம் கூட ஆகலை. ஏகப்பட்ட போட்டோ இருக்கு, சினிமா இருக்கு. அப்படியும் மேடை இருந்த இடத்துல தகராறு.

நம்ம சட்டத்தையும் ஒரு தடவை சொல்லிடறேன். 1878-ல போட்ட புதையல் சட்டம் இன்னும் இருக்கு. மண்ணுல மறைஞ்சு கிடந்த பொருள் பத்து ரூபா மதிப்புக்கு மேல இருந்தா கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கணும். மறைச்சா ஜெயில். உரிமையாளர் யாரும் இல்லைன்னு முடிவானா, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசாங்கம் வேணும்னா விலையும் அதுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கும் கொடுத்து எடுத்துக்கலாம். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேல ஆன காசு, சிலை எல்லாம் தொல்பொருள். பாதுகாக்கப்பட்ட சின்னம் இருக்குற இடத்துல அனுமதி இல்லாம ஒரு கரண்டி மண்ணு கூட எடுக்கக் கூடாது. கோயில், கோட்டை, மேடு பக்கம் டிடெக்டரைத் தூக்கிக்கிட்டுப் போயிடாதீங்கப்பு. என் காசு எதுக்கும் நூறு வருஷம் ஆகலை. அதான் தைரியமா எழுதுறேன்.

*

மறு ஞாயிறு அப்பாவையும் கூட்டிக்கிட்டு, நோட்டு, அளவு டேப், ஐஸ் குச்சியில ஒட்டின கலர் பேப்பர் கொடி எல்லாம் எடுத்துக்கிட்டுப் போனேன். முனை திரும்பினதுமே சத்தம் கேட்டுது. ஜேசிபி.

மனையில பாதி ஏற்கனவே பள்ளம். சூப்பர்வைசர்கிட்ட நிலத்துக்காரர் பேரைச் சொல்லிக் கெஞ்சினேன். "இந்தாண்ட பக்கம் மத்தியானம்தான் சார் எடுப்போம். ஒரு மணி நேரம் பாத்துக்குங்க"ன்னார்.

முதல்ல பள்ளத்தோட விளிம்பைப் பார்த்தோம். கத்தி வச்சு வெட்டின கேக் மாதிரி தெளிவா இருந்துச்சு. மேல குப்பை, அதுக்குக் கீழ ஒரு சாணுக்கும் குறைவா வெளுத்த மணல், அதுக்குக் கீழ கருப்புக் களிமண். "அந்த மணல்தான்டா, அதுலதான் உக்காருவோம். முன்னாடி இருக்குறவன் தலை மறைச்சா மணலைக் குவிச்சு மேல ஏறி உக்காருவோம். பின்னாடி இருக்குறவன் உதைப்பான்" அப்படின்னு சொல்லிக்கிட்டே அப்பா குனிஞ்சு அந்த மணலைத் தொட்டுப் பார்த்தார்.

தமிழ்நாட்டு டென்ட் சினிமாவுக்கு வயசு நூத்திச் சொச்சம். 1905-ல திருச்சியில ரயில்வே வேலையில இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்டுங்கிற பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து படம் காட்டுற மெஷினையும் படங்களையும் வாங்கி, கூடாரத்தோட ஊர் ஊராக் கிளம்புனார். பின்னால கோவையில வெரைட்டி ஹால் கட்டினதும் அவர்தான். அவருக்கப்புறம் எத்தனையோ பேர் அந்தக் கூடாரத்தைத் தூக்கிக்கிட்டு ஊர்ப்பொட்டல்களுக்குப் போனாங்க. டூரிங் டாக்கீஸ்ல பெரும்பாலும் ஒரே ஒரு ப்ரொஜக்டர்தான். ரீல் மாத்துறப்ப எல்லாம் இடைவேளை. ஒரு படத்துக்கு மூணு நாலு இடைவேளை வரும். ஒவ்வொரு இடைவேளையிலும் முறுக்கு, கலர், சோடா. அரைகுறை வெளிச்சத்துல சில்லறை கை மாறும். என் 17 காசு எப்படி மண்ணுக்குள்ள போச்சுன்னு இப்ப புரியுதா? 80-கள்ல டிவி வந்துச்சு, வீடியோ டெக் வந்துச்சு, கொட்டாய் ஒவ்வொண்ணா மடிஞ்சுது. கூடாரத்தைச் சுருட்டினா கட்டடம் எதுவும் மிஞ்சாது. மிஞ்சுறது மணலும், மணலுக்குள்ள விழுந்ததும்தான்.

அந்த ஒரு மணி நேரத்துல 11 இடத்துல கொடி நட்டோம். ஒவ்வொண்ணுக்கும் வேப்பமரத்துல இருந்து தூரம், ஆழம், மணலா மண்ணான்னு அப்பா கையால எழுதினார். மரத்தடியில இன்னும் மூணு கார்பன் துண்டு. ஆபரேட்டர் ரூம் உறுதி. அதுக்கு எதிர்ல திரை.

"எடது பக்கம் பொம்பளைங்க. நடுவுல குட்டிச் சுவரு. வலது பக்கம் ஆம்பளைங்க"ன்னு அப்பா நோட்டுல கோடு போட்டுட்டார். ஆனா கொடி வேற மாதிரி சொல்லுச்சு. திரையைப் பார்த்து நின்னா, கொண்டை ஊசி ரெண்டு, பித்தளை ஊக்கு, கொலுசோட திருகாணி, எல்லாம் வலது பக்கம். இடது பக்கம் காசும் ஒரு சிகரெட் லைட்டரோட மூடியும்.

"சின்னப் பசங்க ஓடியாடி இருப்பாங்க"ன்னார். சரி. "மண்ணைக் கெளறி மாத்திப் போட்டிருப்பாங்க"ன்னார். மணல் அடுக்கு கலையவே இல்லைன்னேன். கொஞ்ச நேரம் கொடிகளையே பார்த்துக்கிட்டு நின்னார். ஜேசிபிக்காரர் ஹாரன் அடிச்சார். கிளம்பிட்டோம்.

முனை டீக்கடையில பாதி டீ குடிச்சுட்டு அப்பா சொன்னார்:

"நாங்க திரைக்குப் பின்னாடி நின்னு பார்ப்போம்டா."

"என்னப்பா?"

"பின்பக்கம் தட்டி கிழிஞ்சிருக்கும். பூந்து போயிருவோம். துணிதானே, பின்னாடியும் படம் தெரியும். எழுத்து மட்டும் தலைமாறித் தெரியும். எம்ஜிஆர் எடது கையால கத்தி சுத்துவாரு. அங்க இருந்து பார்த்தா பொம்பளைங்க எடது பக்கம்தான்."

என் வாழ்க்கை முழுக்க நான் கேட்ட கதை வேற. தாத்தா சனிக்கிழமை தோறும் நாலணா கொடுப்பார், அப்பா தரை டிக்கெட் வாங்கி முதல் ஆளா உக்காருவார். "அப்போ அந்த நாலணா?"

"நாலணா ஏதுடா எங்கிட்ட"ன்னு சொல்லிட்டு, டீக்குக் காசு கொடுக்க எழுந்து போயிட்டார்.

கார்ஃபீல்டோட டாக்டர் மாதிரி நானும் அப்பா சொன்ன பக்கத்தையே நம்பியிருந்தா இது தெரிஞ்சிருக்காது. முதல் ஞாயித்துக்கிழமை மாதிரி எல்லாத்தையும் பையில அள்ளியிருந்தாலும் தெரிஞ்சிருக்காது. ரெண்டு கொண்டை ஊசியும் ஒரு கொலுசுத் திருகாணியும் கிடந்த இடம் அம்பது வருஷக் கதை ஒண்ணைத் திருத்திடுச்சு. எடைக்குப் போட்டா அதுக்கு நாலணா கூடத் தேறாது.

இப்போ எல்லாம் மிட்டாய் டப்பாவுல தனித்தனி கவர்ல இருக்கு. ரெண்டாம் வாரத்துக் கவர்ல அப்பா எழுத்துல தூரம், ஆழம் எல்லாம் இருக்கு. ஓட்டைக் காலணா கவர்ல நான் எழுதினது: "1944. குமணன்சாவடி. இடம் தெரியாது. ஆழம் தெரியாது." மனையில இப்போ ரெண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம். மணல் எங்கயோ லாரியில போயிடுச்சு.

உங்க ஊர்லயும் ஒரு கொட்டாய் இருந்திருக்கும். ஒரு திருவிழாப் பொட்டல், ஒரு சர்க்கஸ் மைதானம் இருந்திருக்கும். டிடெக்டர் எல்லாம் வேண்டாம். வீட்டுல பெரியவங்க இருந்தா கூட்டிக்கிட்டுப் போய் நிறுத்தி, திரை எங்க, டிக்கெட் கவுண்டர் எங்க, பொம்பளைங்க எந்தப் பக்கம்னு கேட்டு ஒரு பேப்பர்ல வரைஞ்சு வாங்கிக்குங்க. அப்படியே, அவங்க எங்க நின்னு பார்த்தாங்கன்னும் கேட்டுடுங்க. பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: 43 ஆணி இன்னும் வீட்டுலதான் இருக்கு. தட்டி கட்ட அடிச்ச ஆணியா இருக்கும்னு அப்பா சொல்றார். எந்த ஆணி எங்க கிடைச்சுதுன்னு என்கிட்ட கேக்காதீங்க.